திருடு போன துணியிலிருந்து சமூக வரலாறு: ஓல்ட் பெய்லி வழக்குகளை வைத்து ஓர் ஆய்வை முடிக்கும் முறை

ஐரோப்பியச் சமூக வரலாற்றில் ஆய்வேடு எழுத விரும்பும் நம் மாணவர்களில் பெரும்பாலோருக்கு ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போக வழியில்லை. விமான டிக்கெட்டுக்குப் பணம் இருக்காது. லத்தீனோ பழைய டச்சுக் கையெழுத்தோ படிக்க வராது. அவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இதுதான்: லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்து அச்சிட்ட வழக்குக் குறிப்புகளைப் படித்து, பதினெட்டாம் நூற்றாண்டுச் சாதாரண மக்கள் எதை உடுத்தினார்கள், எதை வீட்டில் வைத்திருந்தார்கள், எதைப் பறிகொடுத்தார்கள் என்று கண்டறிவது.

1674 முதல் 1913 வரையிலான 1,97,745 வழக்குகள் ஓல்ட் பெய்லி ஆன்லைன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லாம் ஆங்கிலம், எல்லாம் அச்செழுத்து, எல்லாவற்றிலும் சொல் தேடலாம். புதியவர்கள் சறுக்குவது இந்த வசதியில்தான். ஒரு சொல்லைத் தட்டியதும் எண் வந்து விழுகிறது. எண் வந்ததும் கட்டுரை எழுதக் கை துடிக்கிறது. கீழே உள்ள வரிசையில் போனால் மூன்று மாதத்தில் ஓர் ஆய்வு கைக்கு வரும். வரிசையை மாற்றியவர்கள் பாதி வழியில் அட்டவணையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு விரிதாள் மென்பொருள் போதும். எக்செல் இருந்தாலும் சரி, இலவசமாகக் கிடைக்கும் வேறு எதுவானாலும் சரி. புள்ளியியல் மென்பொருள் எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

பழைய நாணயக் கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங்; 20 ஷில்லிங் ஒரு பவுண்டு; ஆக, ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். 1717க்குப் பிறகு ஒரு கினி 21 ஷில்லிங். வழக்குகளில் இவை எல்லாம் கலந்து வரும். ஒவ்வொரு முறையும் பட்டியலைத் தேடிக்கொண்டிருந்தால் படிக்கும் ஓட்டம் அறுந்துபோகும்.

நாட்காட்டியையும் தெரிந்துகொள்ளுங்கள். 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. அதனால் அன்றைய அச்சுப் பக்கத்தில் 1740 என்று இருக்கும் ஒரு ஜனவரி அமர்வு, நம் கணக்கில் 1741. தளத்தின் வழக்கு எண்ணில் ஜனவரியில் பிறக்கும் ஆண்டே இருக்கும். பக்கப் படத்தில் பழைய ஆண்டு இருக்கலாம். இரண்டும் முரண்படுவதைப் பார்த்துத் தளத்தில் பிழை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

பழஞ்சொற்களுக்கு ஒரு நல்ல அகராதி தேவை. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதி இணையத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்து லண்டன்வாசி ஒரு சொல்லை எந்தப் பொருளில் புரிந்துகொண்டார் என்பதற்கு இன்றைய அகராதியைவிட அது நம்பகமானது.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். விரிதாளில் அடங்காத சந்தேகங்கள் தினமும் வரும். அவற்றைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். பின்னால் ஆய்வு முறை பற்றிய அத்தியாயம் எழுத உட்காரும்போது அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

2. கேள்வியை ஒரு வாக்கியத்துக்குள் சுருக்குங்கள்

"பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் குற்றம்" என்பது நூலகத்தில் ஒரு அலமாரியின் பெயராக இருக்கலாம். ஆய்வுக் கேள்வியாக முடியாது. மூன்று மாதத்தில் விடை தேடக்கூடிய கேள்வியில் ஒரு பொருள், ஓர் இடம், ஒரு காலம், ஓர் ஒப்பீடு நான்கும் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக: "1750க்கும் 1790க்கும் இடையே, லண்டனில் திருடு போன பெண்களின் கவுன்களில் பருத்தியின் பங்கு மாறியதா?"

இதில் 'மாறியதா' என்ற சொல் முக்கியம். எத்தனை கவுன் திருடு போனது என்று மட்டும் கேட்டால், வழக்குக்கு வராத திருட்டுகளைப் பற்றி நாம் எதுவும் சொல்ல முடியாது. ஒரே வகை ஆவணத்தில் இரண்டு காலங்களை ஒப்பிட்டால், ஆவணத்தின் குறைகள் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். வித்தியாசம் ஓரளவு நம்பத்தக்கதாகும்.

கேள்வியை எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். கொலை வழக்குகளும் தூக்கு மேடைக் கதைகளும் உங்களை இழுத்துக்கொண்டே இருக்கும்.

3. முதல் நாற்பது வழக்குகளைத் தேடாமல் படியுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகத் துடிக்கும் படி இது. நான் விட்டுக்கொடுக்காத படியும் இதுதான். 1750இல் ஒரு முழு அமர்வையும் 1790இல் ஒரு முழு அமர்வையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் முதல் இருபது வழக்குகளைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் படியுங்கள். தேடல் பெட்டியைத் தொடக்கூடாது.

காரணம் எளிது. எந்தச் சொல் எங்கே வரும் என்று தெரியாமல் தேடினால், உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த சொற்களை மட்டுமே தேடுவீர்கள். நாற்பது வழக்குகளைப் படித்த பிறகு வழக்கின் எலும்புக்கூடு பிடிபட்டுவிடும். முதலில் குற்றச்சாட்டு: இன்னார், இன்ன பொருள், இன்ன மதிப்பு, இன்னாருக்குச் சொந்தமானது, இன்ன தேதி. அடுத்து பொருளை இழந்தவரின் சாட்சியம். அதற்கடுத்துப் பிடித்தவர், அடகுக்கடைக்காரர், காவலர். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வரி. இறுதியில் தீர்ப்பும் தண்டனையும்.

படிக்கப் படிக்க ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருவதைக் கவனிப்பீர்கள். துணியை அடகுக்கடைக்காரர் நீதிமன்றத்தில் விரித்துக் காட்டுகிறார். இது உங்களுடையதுதானா என்று கேட்கிறார்கள். பொருளை இழந்த பெண், நூலால் தைத்த எழுத்து அடையாளத்தையோ தான் போட்ட ஒட்டுத் தையலையோ காட்டி, ஆமாம் என்கிறாள். கிழிந்த இடத்தைத் தைத்த கைக்குத் தன் தையல் தெரிகிறது. சமூக வரலாற்று ஆய்வாளருக்கு அந்த ஒரு வரி ஒரு சுரங்கம்: துணி எத்தனை முறை பழுது பார்க்கப்பட்டது, யார் தைத்தார்கள், வீட்டுத் துணிக்கு ஏன் அடையாளம் இட்டார்கள் என்பதெல்லாம் அதிலிருந்து கிளம்பும். 'கவுன்' என்று மட்டும் தேடிப் பட்டியல் எடுத்தவர் இந்த வரியைப் பார்க்கவே மாட்டார்.

4. இந்த ஆவணம் எதற்காக உருவானது என்று ஒரு பக்கம் எழுதுங்கள்

நாற்பது வழக்குகள் முடிந்ததும் அட்டவணைக்குப் போகாமல் ஒரு நாள் நின்று இதை எழுதுங்கள். உங்களுக்காக எழுதுவது, ஆனால் பின்னால் ஆய்வேட்டில் அப்படியே பயன்படும்.

அதில் வர வேண்டியவை இவை. இந்தக் குறிப்புகள் முதலில் விற்பனைக்காக அச்சிடப்பட்டவை. வாங்கிப் படிக்க ஆள் இருக்கும் வழக்கு நீளமாக வரும். 1725இல், திருடரைப் பிடிப்பவராகப் பெயர் வாங்கிக்கொண்டே திருட்டுக் கூட்டத்தை நடத்திய ஜோனதன் வைல்டின் வழக்குக்குக் கிடைத்த இடம் ஒரு சட்டையைத் திருடிய வேலைக்காரிக்குக் கிடைக்காது. அவள் வழக்கு சில வரிகளில் முடிந்துவிடும். அச்சில் உள்ள நீளத்தை வைத்து நீதிமன்றத்தில் ஆன நேரத்தை அளக்கக்கூடாது. 1778இல்தான், நடந்ததை உண்மையாகவும் நேர்மையாகவும் முழுமையாகவும் தர வேண்டும் என்று லண்டன் நகர நிர்வாகம் நிபந்தனை விதித்தது. ஆகவே 1750இன் ஒரு வழக்கையும் 1790இன் ஒரு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது பிந்தையது விரிவாக இருந்தால், மக்கள் அதிகம் பேசத் தொடங்கினார்கள் என்று பொருளாகாது. அச்சிடும் முறை மாறியிருக்கிறது.

இன்னொன்று. 1829இல் பெருநகரக் காவல்துறை வருவதற்கு முன், வழக்குத் தொடுப்பது பெரும்பாலும் பொருளை இழந்தவரின் சொந்தப் பொறுப்பு. அதற்கு நேரமும் செலவும் ஆகும். பலர் பொருள் திரும்பக் கிடைத்தால் போதும் என்று விட்டிருப்பார்கள். சில்லறைத் திருட்டுகள் கீழ் நிலை மாஜிஸ்திரேட்டுகளிடமே முடிந்துபோயிருக்கும். நம் கைக்கு வருவது இத்தனை சல்லடைகளையும் தாண்டி வந்த மிச்சம்.

5. ஆண்டையும் இடத்தையும் முடிவு செய்தல்

ஒவ்வோர் ஆண்டையும் படிக்க முடியாது. அக்காலத்தில் ஆண்டுக்கு எட்டு அமர்வுகள். ஒரு முழு ஆண்டில் சில நூறு வழக்குகள். இரண்டு முனைகளிலும் இரண்டிரண்டு ஆண்டுகள் எடுத்தால் ஒருவரால் தாங்க முடியும்.

ஆண்டைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்காதீர்கள். போர் முடிந்து படைவீரர்கள் வேலையின்றித் திரும்பிய ஆண்டுகளில், 1748க்குப் பிறகும் 1783க்குப் பிறகும், திருட்டு வழக்குகள் கூடின. போர்க்கால ஆண்டு ஒன்றையும் போர் முடிந்த ஆண்டு ஒன்றையும் ஒப்பிட்டுவிட்டு வித்தியாசத்தைத் துணியின் மேல் ஏற்றக்கூடாது. 1699 முதல் 1714 வரையிலான காலத்துக்கு மிகக் குறைவான இதழ்களே எஞ்சியிருக்கின்றன. அந்தக் காலத்தை ஒப்பீட்டின் ஒரு முனையாக வைத்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். பிற்காலத்துக்குப் போக நினைப்பவர்கள் 1855ஐக் கவனிக்க வேண்டும்: அந்த ஆண்டுச் சட்டம் பல சிறு திருட்டுகளை மாஜிஸ்திரேட்டுகளின் கைக்கு மாற்றியது, ஓல்ட் பெய்லியில் திருட்டு வழக்குகள் சரிந்தன. லண்டன் திருந்தியதால் வந்த சரிவு அது என்று எழுதிய ஒரு வரைவை நான் திருத்தியிருக்கிறேன்.

இடத்திலும் ஒரு பொறி உண்டு. 1834 வரை இந்த நீதிமன்றத்தின் எல்லை லண்டன் நகரமும் மிடில்செக்ஸ் கவுண்டியும் மட்டுமே. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இருந்த சதர்க் சர்ரேயைச் சேர்ந்தது. அங்கு நடந்த திருட்டுக்குப் பொதுவாக வேறு நீதிமன்றம். 'லண்டன்' என்று ஆய்வேட்டில் எழுதும் முன் எந்த லண்டன் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

6. தேடுசொல் பட்டியல்

இப்போதுதான் தேடல் பெட்டிக்கு வருகிறோம். படித்த நாற்பது வழக்குகளிலிருந்து துணியின் பெயர்களையும் உடுப்பின் பெயர்களையும் தனித்தனிப் பட்டியலாக எடுங்கள். எழுத்துக்கூட்டல் அக்காலத்தில் நிலைபெறவில்லை. மஸ்லின் (மெல்லிய பருத்தித் துணி) என்ற சொல் எஸ் எழுத்தோடும் வரும், இஸட் எழுத்தோடும் வரும். காலிகோவில் (சாதாரணப் பருத்தித் துணி) எல் ஒன்றும் வரும், இரண்டும் வரும். கைக்குட்டைக்கான சொல்லுக்கு மூன்று நான்கு வடிவங்கள். ஒவ்வொரு வடிவத்தையும் தேடி, எத்தனை கிடைத்தது என்று தேதியோடு நோட்டில் எழுதுங்கள்.

தளத்தில் உள்ள எழுத்துவடிவத்தில், 1834 அக்டோபர் வரையிலானது ஆட்கள் இரண்டு முறை தட்டச்சு செய்து ஒப்பிட்டது. ஆகவே நம்பகமானது. ஆனாலும் விசித்திரமான சொல் வந்தால் பக்கப் படத்தைத் திறந்து பாருங்கள். அன்றைய அச்சில் எஸ் எழுத்தின் நீண்ட வடிவம் எஃப் போலவே இருக்கும். படத்தை நேராகப் படிக்கும்போது முதல் சில நாள் அதில் தடுமாறுவீர்கள்.

7. அட்டவணையைக் கட்டுதல்

ஒரு வரிசைக்கு எதை வைப்பது? இந்த முடிவில்தான் மாதங்கள் வீணாகின்றன. ஒரு வழக்கில் மூன்று குற்றவாளிகள் இருக்கலாம். பதினைந்து பொருள்கள் இருக்கலாம். இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கலாம். வழக்குக்கு ஒரு வரிசை வைத்து, பொருள்களையெல்லாம் ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு அடைத்தவர்களால் பின்னால் எதையும் எண்ண முடியாது.

நம் கேள்வி துணியைப் பற்றியது. எனவே ஒரு பொருளுக்கு ஒரு வரிசை. வழக்கு எண்ணை ஒவ்வொரு வரிசையிலும் திரும்ப எழுதுங்கள். வழக்கு வாரியாக எண்ண வேண்டி வரும்போது அதை வைத்துத் தொகுத்துக்கொள்ளலாம்.

வழக்கு எண்ணின் அமைப்பு இது: டி என்ற எழுத்து, அமர்வு தேதியின் எட்டு இலக்கங்கள், ஒரு சிறுகோடு, அமர்வில் அந்த வழக்கின் வரிசை எண். அந்தத் தேதி திருட்டு நடந்த தேதியாகாது. குளிர்காலத்தில் கம்பளித் திருட்டு கூடியதா என்று ஆராய்ந்த ஒருவர் அமர்வு தேதியையே வைத்துக் கணக்கிட்டுவிட்டார். முழு அத்தியாயமும் போயிற்று. குற்றச்சாட்டில் திருட்டின் தேதி தனியாக இருந்தால் அதற்குத் தனி நெடுவரிசை வையுங்கள்.

மற்ற நெடுவரிசைகள்: பொருளின் பெயர் அச்சில் உள்ளபடி, பொருளின் பெயர் நீங்கள் சீராக்கியபடி, துணியின் வகை, எண்ணிக்கை, குற்றச்சாட்டில் உள்ள மதிப்பு, ஜூரி சொன்ன மதிப்பு, உரிமையாளர், உரிமையாளரின் தொழில், திருடு போன இடம், குற்றம் சாட்டப்பட்டவர் ஆணா பெண்ணா, பொருளுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு (வேலைக்காரர், குடியிருப்பவர், அந்நியர்), தீர்ப்பு, குறிப்பு.

அச்சில் உள்ளபடி ஒன்று, சீராக்கியது ஒன்று என்று இரண்டு வைப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் மாதத்தில் உங்கள் வகைப்பாடு மாறும். மூலச் சொல் கையில் இருந்தால் அரை மணி நேரத்தில் மறுபடி வகைப்படுத்தலாம். இல்லாவிட்டால் எல்லா வழக்குகளையும் திரும்பத் திறக்க வேண்டும்.

துணி வகை சொல்லப்படாத இடத்தில் 'சொல்லப்படவில்லை' என்றே எழுதுங்கள். வெற்றிடமாக விடாதீர்கள், நீங்கள் மறந்ததா, ஆவணம் மறந்ததா என்று பிறகு தெரியாது. ஊகித்து நிரப்பவும் கூடாது.

முதல் ஐம்பது வரிசைகளை நிரப்பியதும் நிறுத்துங்கள். ஒரு வாரம் கழித்து அதே வழக்குகளை, பழைய பதிவைப் பார்க்காமல், மறுபடி பதிவு செய்து ஒப்பிடுங்கள். எந்த நெடுவரிசையில் நீங்களே உங்களோடு முரண்படுகிறீர்களோ அதற்கு விதி போதவில்லை என்று பொருள். விதியை எழுதிக்கொண்டு மேலே போங்கள்.

8. மதிப்பு என்பது விலை ஆகாது

இதைத் தனிப் படியாக வைக்கிறேன்; நன்றாகப் படிக்கும் மாணவர்கள்கூட விழும் பள்ளம் இது.

மூன்று வாரம் உழைத்த ஒரு மாணவி, திருடு போன பொருள்களின் மதிப்பை வரைபடமாக்கிக்கொண்டு வந்தார். மெதுவாக இறங்க வேண்டிய கோட்டில் மூன்று இடங்களில் கோபுரம்போல எழும்பியிருந்தது: 10 பென்ஸ், 4 ஷில்லிங் 10 பென்ஸ், 39 ஷில்லிங். லண்டன் கடைகளில் இந்த மூன்று விலைகளும் வழக்கமானவை என்று அவர் விளக்கம் எழுதியிருந்தார்.

அந்தக் கோபுரங்களைக் கட்டியது கடைக்காரர்கள் அல்ல, ஜூரிகள். ஒரு ஷில்லிங்கும் அதற்கு மேலும் மதிப்புள்ள திருட்டு பெருந்திருட்டு. அதற்குக் கீழே போனால் சிறுதிருட்டு. 1699ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடையில் யாரும் பார்க்காமல் 5 ஷில்லிங் மதிப்புள்ளதைத் திருடினால் மரண தண்டனை. 1713ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியிருக்கும் வீட்டில் 40 ஷில்லிங் மதிப்புள்ளதைத் திருடினாலும் மரண தண்டனை. குற்றவாளி என்று தெரிந்தும் கழுத்தில் கயிறு விழ வேண்டாம் என்று நினைத்த ஜூரி, பொருளின் மதிப்பை எல்லைக்குச் சற்றுக் கீழே இறக்கிச் சொல்லும். ஒரு ஷில்லிங்குக்குக் கீழே 10 பென்ஸ். ஐந்துக்குக் கீழே 4 ஷில்லிங் 10 பென்ஸ். நாற்பதுக்குக் கீழே 39. விலையைத் தேடிப்போன மாணவி இரக்கத்தின் அளவைக் கண்டுபிடித்திருந்தார். ஆய்வேட்டின் கேள்வியையே அதன்படி மாற்றிக்கொண்டார்; நல்ல ஆய்வேடாக அமைந்தது.

ஆகவேதான் குற்றச்சாட்டு மதிப்புக்கும் ஜூரி மதிப்புக்கும் இரண்டு நெடுவரிசைகள். இரண்டையும் பென்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: 4 ஷில்லிங் 10 பென்ஸ் 58 ஆகும், 39 ஷில்லிங் 468 ஆகும். குற்றச்சாட்டு மதிப்பும் சந்தை விலை என்று நம்பத்தக்கதல்ல; வழக்குத் தொடுத்தவரின் கணக்கு அது. சாட்சியத்தில் அடகுக்கடைக்காரர் 'இதற்கு இவ்வளவு கொடுத்தேன்' என்று சொல்லும் தொகை வேறு வகை. அதற்கு மூன்றாவது நெடுவரிசை வைக்கலாம். எல்லா வழக்கிலும் வராது, வரும் இடத்தில் பொன் போன்றது.

9. யாருடைய கவுன்?

உரிமையாளர் நெடுவரிசையை நிரப்பியதும் ஆண்களின் பெயர்களே வரிசையாக நிற்கும். பெண்களுக்குச் சொந்த உடைமை குறைவு என்று உடனே எழுதத் தோன்றும், பொறுங்கள். அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் திருமணமான பெண்ணின் அசையும் பொருள்கள் கணவனுக்கு உரியவை. அவள் உடுத்திய கவுனும் குற்றச்சாட்டில் கணவன் பெயரில்தான் வரும். கைம்பெண்ணும் திருமணமாகாதவளும்தான் தம் பெயரில் உரிமையாளர் ஆவார்கள்.

எனவே 'சட்டப்படி உரிமையாளர்' என்றும் 'பயன்படுத்தியவர்' என்றும் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைச் சாட்சியத்திலிருந்துதான் எடுக்க முடியும்: யார் அடையாளம் காட்டுகிறார்கள், யார் துவைத்துக் காயப் போட்டார்கள், எந்தப் பெட்டியில் வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள்.

10. பருத்தியைக் கண்டதும் நம் ஊர்த் துணி என்று எழுதாதீர்கள்

நம் மாணவர்களுக்கே உரிய தவறு இது. மனம் அங்கே ஓடுவது இயல்பு, எனக்கும் ஓடும். லண்டன் வழக்கில் மஸ்லின், சிண்ட்ஸ் (பூவேலை அச்சிட்ட பருத்தித் துணி), காலிகோ என்று பார்த்ததும் சோழமண்டலக் கரையின் நெசவாளர் கண்முன் வந்து நிற்கிறார். சில சமயம் அவர் உண்மையிலேயே அங்கே இருக்கிறார். ஆனால் சொல்லை வைத்து மட்டும் அதை நிறுவ முடியாது.

1721ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்ட காலிகோவை உடுத்துவதை 1722 டிசம்பர் முதல் தடை செய்தது. மஸ்லினுக்கும் நீலச் சாயமிட்ட காலிகோவுக்கும் விலக்கு உண்டு. 1774இல் தடை நீங்கியது. 1779இல் சாமுவேல் கிராம்ப்டனின் நூற்பு இயந்திரம் வந்த பிறகு பிரிட்டனிலேயே மஸ்லின் நெய்யத் தொடங்கினார்கள். ஆக 1750இன் மஸ்லின் இந்தியாவிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 1790இன் மஸ்லின் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் நெய்ததாகவும் இருக்கலாம். அதே சொல், வேறு துணி. அச்சில் 'இந்திய' என்ற அடைமொழி இருந்தால் அதைக் குறிப்பு நெடுவரிசையில் எடுத்துவையுங்கள். அடைமொழி இல்லாதபோது அமைதி காக்க வேண்டும்.

11. எண்ணுதல்

தளத்திலேயே புள்ளிவிவரத் தேடல் இருக்கிறது. அதைத் திசைகாட்டியாக மட்டும் பயன்படுத்துங்கள். குற்ற வகைகள் இக்கால ஆய்வாளர்கள் குறியிட்டவை. வழக்கு, குற்றச்சாட்டு, குற்றவாளி என்று எதை எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். உங்கள் அட்டவணையின் எண்ணையே ஆய்வேட்டில் தாருங்கள்.

விழுக்காடு எழுதும்போது பக்கத்திலேயே மொத்த எண்ணிக்கையையும் எழுதுங்கள். எட்டுக் கவுனில் ஆறு பருத்தி என்றால் 75 விழுக்காடு. ஆனால் இரண்டு வழக்கு மாறினால் கதை மாறிவிடும். ஒரே துணிக்கடையில் ஒரே இரவில் அறுபது கைக்குட்டை திருடு போயிருந்தால் அந்த ஒரு வழக்கு உங்கள் மொத்தக் கணக்கையும் சாய்த்துவிடும். கடைச் சரக்கையும் வீட்டு உடைமையையும் பிரித்தே எண்ணுங்கள். மக்கள் உடுத்தியது பற்றிய கேள்விக்கு வீட்டு உடைமைதான் விடை சொல்லும்.

12. வேறோர் ஆவணத்தில் உரசிப் பாருங்கள்

ஒற்றை ஆவணத்தில் நிற்கும் முடிவு ஒற்றைக்காலில் நிற்பது போன்றது. ஓல்ட் பெய்லி தளத்தை உருவாக்கிய ஆய்வாளர்களே உருவாக்கிய லண்டன் லைவ்ஸ் தளத்தில் 1690 முதல் 1800 வரையிலான 2,40,000 பக்கங்கள் இருக்கின்றன: ஏழைகளுக்குத் திருச்சபை வட்டாரம் கொடுத்த உதவிக் கணக்கு, மரண விசாரணை, ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய இல்லங்களின் குறிப்பு எனப் பலவகை. வட்டார நிர்வாகம் ஓர் ஏழைப் பெண்ணுக்கு எந்தத் துணியில் உடுப்பு வாங்கிக் கொடுத்தது என்பதை உங்கள் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். திருடத் தகுந்ததாக ஒருவர் நினைத்த துணியும், தானமாகக் கொடுக்கப் போதும் என்று ஒருவர் நினைத்த துணியும் ஒன்றாக இருக்காது. அந்த இடைவெளியைப் பற்றியே ஓர் இயல் எழுதலாம்.

இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஜான் ரோக்கின் 1746ஆம் ஆண்டு லண்டன் வரைபடம் இணையத்தில் இருக்கிறது. தெருப் பெயரைக் கண்டுபிடித்து, அடகுக்கடை திருட்டு நடந்த வீட்டிலிருந்து எத்தனை தெரு தள்ளி இருந்தது என்று பாருங்கள். நான் இதைப் பத்து வழக்குகளுக்காவது செய்யச் சொல்வேன். துணி கைமாறிய தூரம் கண்ணுக்குத் தெரிந்தபின் எழுத்தே மாறும்.

13. எழுதும்போது

முதலில் ஆய்வு முறை அத்தியாயம். நான்காம் படியில் எழுதிய பக்கமும் நோட்டும் இருப்பதால் ஒரு வாரத்தில் முடியும். முடிவுகளை முதலில் எழுதினால், முறையை முடிவுக்கு ஏற்றவாறு வளைக்கும் ஆசை வந்துவிடும்.

மேற்கோள் எடுக்கும்போது ஆங்கில மூலத்தை அதே எழுத்துக்கூட்டலோடு ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, தமிழில் நீங்கள் பெயர்த்ததைத் தனியாகக் காட்டுங்கள். தமிழ்ப் பெயர்ப்பில் சாட்சியின் குரலை அழகுபடுத்த வேண்டாம். அது சாட்சி நேராகப் பேசியதன்று. சுருக்கெழுத்தரின் கையும் அச்சுக்கோப்பவரின் கையும் பட்டு வந்தது.

ஒவ்வொரு வழக்குக்கும் வழக்கு எண், அமர்வின் மாதமும் ஆண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் மூன்றையும் தாருங்கள். அச்சுத் தொகுதிகளின் எண் லண்டன் மேயரின் பதவி ஆண்டைப் பின்பற்றுவதால், டிசம்பர் அமர்வு அடுத்த ஆண்டுத் தொகுதியின் தொடக்கமாக இருக்கும். தொகுதி எண்ணை மட்டும் கொடுத்தால் உங்கள் தேர்வாளர் வேறோர் ஆண்டைத் திறந்து தேடிக்கொண்டிருப்பார்.

ஆய்வேட்டோடு விரிதாளையும் வகைப்படுத்திய விதிகளையும் துறை நூலகத்தில் கொடுத்துவையுங்கள். கோப்பின் முதல் தாளில் எந்தத் தேதியில் தளத்தைப் பார்த்தீர்கள், எந்த ஆண்டுகளை எடுத்தீர்கள், எதை விட்டீர்கள் என்று எழுதியிருந்தால், அடுத்த ஆண்டு வரும் மாணவர் 1770ஐ எடுத்து உங்கள் அட்டவணைக்குக் கீழேயே தொடரலாம்.